நாய்க்கு உலை வைக்கும் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டில் நாய்க்கென்று தனியாகச் சமைக்கும் குடும்பத்தாருக்கு,

நாயின் உணவில் இருந்தே தீர வேண்டிய தாது உப்புகள் 12. வைட்டமின்கள் 10. அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் கோலின் ஒன்று. அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் பட்டியல் இது. சோறும் கோழியும் சேர்ந்தால் மாவுச்சத்தும் புரதமும் கிடைத்துவிடுகின்றன, வயிறும் நிறைகிறது. ஆனால் இந்த 23 சத்துகளில் பாதிக்கு மேல் அந்தத் தட்டில் குறைவாகவே இருக்கும். குறை உடனே வெளியே தெரியாது. எலும்பில் கால்சியம் சேமிப்பில் இருக்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ-யும் செம்பும் இருக்கின்றன. உடல் அவற்றிலிருந்து எடுத்து மாதக்கணக்கில் சமாளித்துக்கொள்ளும். நாய் தட்டை நக்கித் துடைப்பதைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டார் நிம்மதி அடைவது அந்த மாதங்களில்தான்.

மனிதருக்கான சத்துக் கணக்கை அப்படியே நாய்க்குப் போடவும் முடியாது. வைட்டமின் சி-யை நாயின் ஈரலே தயாரித்துக்கொள்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்குத் தேவையில்லை. வைட்டமின் கே-யின் தேவை பெரும்பாலும் குடல் நுண்ணுயிர்களால் நிறைவேறிவிடுகிறது. கேரட்டிலும் பூசணியிலும் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் திறன் நாய்க்கு உண்டு, பூனைக்கு இல்லை. வைட்டமின் டி-யில் நிலைமை தலைகீழ். காலை வெயிலில் சிறிது நேரம் கட்டிப்போட்டால் போதும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட முடிவு அதை மறுக்கிறது. வெயில் பட்டு வைட்டமின் டி-யாக மாற வேண்டிய மூலப்பொருள் நாயின் தோலில் மிகக் குறைவு. ஆகவே நாய்க்கு வைட்டமின் டி வர வேண்டிய வழி வாய் ஒன்றுதான்.

வைட்டமின்களைப் பற்றி மனிதர் அறிந்ததில் கணிசமான பகுதி நாய்களின் தட்டிலிருந்து வந்தது. லண்டனில் எட்வர்ட் மெலன்பி 1919-ல் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் வைத்து ஓட்ஸ் கஞ்சியை முக்கிய உணவாகக் கொடுத்தார். குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வந்து கால் எலும்புகள் வளைந்தன. காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்த குட்டிகள் தப்பின. ஜார்ஜ் விப்பிள் சோகை பிடித்த நாய்களுக்கு ஒவ்வோர் உணவாகக் கொடுத்துப் பார்த்து, ரத்தம் மீண்டும் ஊற ஈரலுக்கு இணையில்லை என்று காட்டினார். அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக 1934-ல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1937-ல் விஸ்கான்சினில் கான்ராட் எல்விஜெம், நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலம் தீர்ப்பதைக் கண்டார். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மனிதரை வாட்டிய பெல்லக்ரா நோய்க்கான மருந்து அப்படித்தான் கிடைத்தது. இத்தனை நாய்கள் நோயுற்றுக் கற்றுக்கொடுத்த பாடத்தின் பயன் வீட்டு நாய்க்குக் கிடைக்காமல் போவது வருத்தத்துக்குரியது.

கணக்கை ஒரு பானையில் வைத்துப் பார்க்கலாம். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரி வேண்டும். 200 கிராம் அரிசியையும் தோல் உரித்த எலும்பில்லாக் கோழி 250 கிராமையும் வேகவைத்தால் ஏறக்குறைய அந்தக் கலோரி வந்துவிடும். பல வீடுகளில் நாள்தோறும் நடக்கும் சமையல் இதுவே. இந்தப் பானையில் கால்சியம் சுமார் 50 மில்லிகிராம். தேவை 1,000 முதல் 1,250 மில்லிகிராம். துத்தநாகம் 5 மில்லிகிராம் அளவில் இருக்கும். தேவை 15 முதல் 20. செம்பு சுமார் அரை மில்லிகிராம். அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். கோலின் தேவையில் பாதி. வைட்டமின் டி, வைட்டமின் ஈ, அயோடின் மூன்றும் பெயருக்குத்தான். மாங்கனீசு மட்டும் அரிசியின் புண்ணியத்தில் போதுமான அளவு இருக்கிறது. சோற்றை நிறுத்திவிட்டு வெறும் இறைச்சியாகக் கொடுக்கும் வீடுகளில் அதுவும் குறைந்துபோகும்.

இவற்றில் முதலில் சரிசெய்ய வேண்டியது கால்சியம். அதைத் தனியாகப் பார்க்க முடியாது. பாஸ்பரஸோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நாயின் உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் சற்றுக் கூடுதலாக, குறைந்தது சமமாகவாவது இருக்க வேண்டும்; இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இறைச்சியில் கதை நேர் எதிர். கால்சியத்தைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு பாஸ்பரஸ் அதில் இருக்கிறது. ஈரலில் இன்னும் மோசம். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் ஹார்மோன் எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் தருகிறது. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும். எலும்போ உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். வெறும் இறைச்சியும் சோறும் தின்று வளரும் குட்டி நொண்டத் தொடங்கும், பாதம் பரப்பி நடக்கும், படியிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். வளர்ந்த நாயில் இது மெல்ல, ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

கால்சியத்துக்கு வீடுகளில் நம்பப்படும் வழிகள் பல. பால் அவற்றில் முதன்மையானது. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மேலே சொன்ன 20 கிலோ நாயின் தேவைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் பால் வேண்டும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அவ்வளவு பால் வயிற்றைக் கலக்கிவிடும். கேழ்வரகு உண்மையிலேயே கால்சியம் நிறைந்த தானியம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. ஆனால் அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, துத்தநாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஊறவைத்து முளைகட்டினால் ஃபைட்டிக் அமிலம் குறையும். அப்போதும் கேழ்வரகுக் களி துணைதானே தவிர முழுத் தீர்வல்ல. ஆட்டுக்கால் சூப்பில் கால்சியம் மிகச் சொற்பம். எத்தனை மணி நேரம் கொதித்தாலும் எலும்பின் கால்சியம் எலும்பிலேயே தங்கிவிடுகிறது. வெந்த எலும்பையே கடிக்கக் கொடுப்பது ஆபத்து; அது கூர்மையான சில்லுகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

செலவில்லாத நல்ல வழி முட்டையோடு. அது கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஈரம் போக நன்கு காயவைத்து, மிக்ஸியில் மைதா போல அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். விரலில் தேய்த்தால் நெருடக் கூடாது. நெருடினால் இன்னொரு முறை அரைக்க வேண்டும். அரை டீஸ்பூன் பொடியில் சுமார் 1 கிராம் கால்சியம் கிடைக்கும். மேலே சொன்ன பானைக்கு அது சரியான அளவு, பாஸ்பரஸ் விகிதமும் நேராகிவிடும்.

குட்டிகளின் கணக்கு வேறு. வளரும் குட்டிக்கு 1,000 கலோரிக்கு 3 கிராம் கால்சியம் தேவை. அதே வேளையில் மிகுதி அதற்குப் பெருந்தீங்கு. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கேற்பக் கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு முழுதாக வருவதில்லை. வருவதில் பாதியளவை அது உறிஞ்சிவிடுகிறது. 1980-களில் உட்ரெக்டில் கிரேட் டேன் குட்டிகளுக்கு இயல்பைப் போல மூன்று மடங்கு, அதாவது 3.3 சதவீதக் கால்சியம் உள்ள உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பும் குருத்தெலும்பும் கோணலாக வளர்ந்தன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், கிரேட் டேன் குட்டி வாங்கியதும் கூடவே ஒரு கால்சியம் டானிக் பாட்டிலும் வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. குட்டிகளுக்கென்றே தயாரான மூட்டை உணவைத் தின்னும் பெரிய இனக் குட்டிக்கு அந்த டானிக் தேவையில்லை, அது தீங்கே செய்யும். சோறும் இறைச்சியும் மட்டும் தின்னும் குட்டிக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதை எடையும் வயதும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

துத்தநாகக் குறை முதலில் தோலில் தெரியும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் பொருக்குத் தட்டும், முழங்கை முட்டியில் தோல் தடிக்கும், பாதத்தின் அடிப்பட்டை வெடிக்கும். இதைச் சொறி என்றும் வெயில் சூடு என்றும் நினைத்து ஷாம்பு மாற்றிக்கொண்டே இருப்போர் ஏராளம். கோழி நெஞ்சுக்கறியில் துத்தநாகம் குறைவு. ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் அதைப் போல மூன்று நான்கு மடங்கு உண்டு. கால்சியத்தை அளவுக்கு மேல் சேர்த்தால் அதுவும் துத்தநாகத்தைத் தடுக்கும். சென்னை வெயிலிலும் இப்போது வளர்க்கப்படும் சைபீரியன் ஹஸ்கி இனத்தில், குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாத பிறவிக் குறை சில நாய்களுக்கு உண்டு. அவற்றுக்கு உணவு சரியாக இருந்தாலும் மருந்தாகத் துத்தநாகம் தேவைப்படும்.

செம்புக்கும் இரும்புக்கும் இறைச்சிக் கடையிலேயே வழி இருக்கிறது. ஆட்டு ஈரலிலும் மாட்டு ஈரலிலும் செம்பு மிகுதி. கோழி ஈரலில் அதில் சிறு பங்குதான். சுவரொட்டி எனப்படும் மண்ணீரலில் இரும்பு நிறைய. 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 20, 25 கிராம் ஆட்டு ஈரல் போதும். வாரத்துக்குச் சேர்த்து 150 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நாள்தோறும் கால் கிலோ ஈரல் போடக் கூடாது. ஈரலின் வைட்டமின் ஏ உடலை விட்டு எளிதில் வெளியேறாது. ஆண்டுக்கணக்கில் மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். லாப்ரடார், டாபர்மேன், பெட்லிங்டன் டெரியர் இனங்களில் செம்பு ஈரலிலேயே தேங்கி நோயாக முற்றுவதுண்டு. அந்த இன நாய்களுக்கு ஆட்டு ஈரல் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

அயோடினுக்கு அயோடின் உப்பே போதும் என்பது பரவலான எண்ணம். இந்தியச் சட்டப்படி நுகர்வோர் கைக்கு வரும் உப்பில் 10 லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். அதாவது 1 கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். நமது 20 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 220 மைக்ரோகிராம் வேண்டும். உப்பாலேயே அதை நிரப்ப வேண்டுமென்றால் 15 கிராம் உப்பு கொட்ட வேண்டியிருக்கும். சோடியத் தேவைக்கு அரை கிராம் உப்பு போதுமானது. கடல் மீன் கொஞ்சம் உதவும். உலர்ந்த கடற்பாசிப் பொடியில் அயோடின் உண்டு. ஆனால் வகைக்கு வகை பெரிதும் மாறுவதால் கண்ணளவில் போடுவதற்கு ஏற்றதல்ல. அயோடின் குறைந்தாலும் தைராய்டு கெடும், கூடினாலும் கெடும்.

வைட்டமின் டி-யில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. முட்டை மஞ்சள் கரு ஒன்றில் சுமார் 40 அலகு (IU) இருக்கிறது. மத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களில் நல்ல அளவு உண்டு. 10 கிலோ நாய் ஒன்றுக்கு நாள்தோறும் 75 அலகு அளவில் தேவை. மருந்துக் கடைகளில் மனிதருக்காக விற்கும், வாரம் ஒன்று எனச் சாப்பிடும் சின்னப் பொட்டலத்தில் 60,000 அலகு இருக்கிறது. அந்த நாய்க்கு அது இரண்டு ஆண்டுக்கும் மேலான தேவை. ஒரு கிலோ உடல் எடைக்கு 4,000 அலகு ஒரே நேரத்தில் உள்ளே போனாலே நஞ்சாகலாம். 10 கிலோ நாய்க்கு அந்தப் பொட்டலம் கிலோவுக்கு 6,000 அலகாகிறது. வாந்தி, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், பிறகு சிறுநீரகத்தில் கால்சியம் படிந்து செயலிழப்பு. வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியதை நாய்க்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் எந்த வீட்டிலும் எழக் கூடாது. கம்பெனி உணவும் இதில் தவறியிருக்கிறது: 2019 தொடக்கத்தில் வைட்டமின் டி மிகுந்துபோன டப்பா உணவுகள் அமெரிக்காவில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

வைட்டமின் ஈ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடி பளபளக்க மீன் எண்ணெய் சேர்க்கும் வீடுகளில் அதன் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைவு. மீன் எண்ணெய் கொடுத்தால் வைட்டமின் ஈ-யும் கூடவே வேண்டும்.

பி வைட்டமின்களின் கதை சமைக்கும் முறையில் இருக்கிறது. பச்சரிசியை நிறைய தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் பி1 அந்தக் கஞ்சியோடு போய்விடும். புழுங்கலரிசியில் நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நாய்க்குப் புழுங்கலரிசியே சிறந்தது. அதையும் வடிக்காமல் குழைய வேகவைப்பது இன்னும் நல்லது. பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். பச்சை முட்டை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் பயோட்டினைக் கட்டிப்போடும்; அவித்துக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அவித்த முட்டை ஒன்று சுமார் 150 மில்லிகிராம் கோலினும் தரும். சோறு, கோழிப் பானையின் கோலின் குறையை அதுவே கிட்டத்தட்ட நிரப்பிவிடுகிறது.

சைவ வீடுகளில் தயிர்ச்சோறே நாயின் உணவாகிவிடுகிறது. அதில் புரதமே போதாது. துத்தநாகம், இரும்பு, செம்பு, வைட்டமின் டி எதுவும் தேவையை எட்டாது. சரியாகத் திட்டமிட்ட சைவ உணவில் வளர்ந்த நாய் நலமாக வாழ முடியும். தயிர்ச்சோறு அப்படித் திட்டமிட்ட உணவல்ல.

ஒரு நாள் கோழி, ஒரு நாள் மீன், ஒரு நாள் முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் அடிக்கடி கேட்கிறது. டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2013-ல் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேல். மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் குறை தீராது என்றும் அவர்கள் கண்டார்கள். ஏனென்றால் பல குறிப்புகளில் குறைந்தது ஒரே சத்துகள்தான்: துத்தநாகம், செம்பு, கோலின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ. பத்து வகை இறைச்சி மாற்றினாலும் பத்திலும் இல்லாதது வந்துவிடாது.

முட்டை, ஈரல், மத்தி, முட்டையோட்டுப் பொடி நான்கும் சேர்ந்தால் பெரும்பகுதிக் குறை நீங்கிவிடும். அயோடின், துத்தநாகம், வைட்டமின் ஈ அப்போதும் எட்டாமல் நிற்கும். ஆகவே வீட்டுச் சமையலுக்கென்றே வகுத்த வைட்டமின், தாதுக் கலவை ஒன்று தேவைப்படுகிறது. அது அந்தச் சமையலின் கிராம் கணக்குக்குப் பொருந்த வேண்டும். மூட்டை உணவோடு சேர்ப்பதற்கென்று விற்கும் டானிக் அதற்கு ஈடாகாது. மாட்டுக்கான தாது உப்புக் கலவையை நாய்க்குப் போடக் கூடாது. மனிதருக்கான சப்பும் மாத்திரைகளும் சிரப்புகளும் இன்னொரு அபாயம். சிலவற்றில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால் நாயைக் கொன்றுவிடும். கலவையை அடுப்பிலிருந்து இறக்கி, சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சேர்க்க வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை எந்த அளவிலும் வேண்டாம். வீட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைவதும் அதனாலேயே கூடாது.

நல்ல மூட்டை உணவையே முக்கியமாகக் கொடுத்து, ஆசைக்குக் கொஞ்சம் சோறும் கறியும் கலக்கும் வீடுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். வீட்டுப் பங்கு மொத்தக் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டாதவரை சத்து விகிதம் குலையாது. சிறுநீரக நோயுள்ள நாய், சினையாக இருக்கும் பெட்டை, பால் கொடுக்கும் பெட்டை, ஒரு வயது ஆகாத குட்டி ஆகியவற்றுக்கு மருத்துவர் வகுக்காத வீட்டுச் சமையல் கொடுக்கக் கூடாது.

சமைத்துப் போடுவதை நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த வாரம் முழுவதும் பானையில் போகும் ஒவ்வொன்றையும் சமைக்கும் முன் தராசில் நிறுத்து, அரிசி எத்தனை கிராம், கறி எத்தனை கிராம், இடையில் கொடுத்த பிஸ்கட் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். நாயின் எடையையும் வயதையும் இனத்தையும் அதன் மேலே குறியுங்கள். அந்தத் தாளோடு கால்நடை மருத்துவரிடம் போய், இதில் குறைவது என்ன, எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள்.